இருநூற்றுத் தொண்ணூறு

என் மனைவி நூலக அறிவியல் படித்தவள் என்று சொன்னால் எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் சிரிப்பார்கள். புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைப்பதற்கு ஒரு படிப்பா என்று என் அண்ணனே கேட்டிருக்கிறார். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் எட்டாவதோடு நின்றவன். காரைக்கால் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் எடை போடும் வேலை. அவள் பட்டினத்துப் பக்கத்துப் பெண், பள்ளி இறுதி வரை படித்துத் தேறியவள். படிப்பு கூடுதலாக இருக்கிறதே, ஒத்து வருமா என்று பெண் பார்க்கப் போன அன்றைக்கே என் அம்மாவுக்குக் கவலை. கர்த்தர் புண்ணியத்தில் அந்த விஷயத்தில் எங்களுக்குள் ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் அவளுக்கு ஊரிலிருந்த அரசு வாசகசாலையில் தினக்கூலிக்கு ஒரு வேலை கிடைத்தது. உதவியாளர் என்று பெயர். பெருக்குவது, பேப்பர் அடுக்குவது, கேட்பவர்களுக்குப் புத்தகம் எடுத்துத் தருவது எல்லாம் அவள்தான். நூலகர் என்று ஒருவர் அங்கே கிடையாது. இருந்தவர் ஓய்வு பெற்றபின் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

எனக்கு அப்போதே நெஞ்சில் உபத்திரவம் தொடங்கியிருந்தது. மண்டியில் மூட்டை தட்டும்போது கிளம்புகிற தவிட்டுத் தூசு உள்ளே போய் இருமலாக நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர், பிரெஞ்சுக்காரர் காலத்து மனிதர், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, இந்தத் தொழிலை விட்டால்தான் இது விடும் என்று சொல்லிவிட்டார். விட்டுவிட்டு என்ன செய்வது? இரண்டு பெண் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். வேறு கைத்தொழில் எனக்குத் தெரியாது.

இந்த நிலைமையில், எண்பதுகள் பிறந்த சமயத்தில்தான் புதுச்சேரி மேலிடத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது. வாசகசாலைக்கு நிரந்தர நூலகர் போடப் போகிறார்கள். பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். ஏற்கெனவே வேலை பார்ப்பவர் பயிற்சி பெற்று, புத்தகங்களை முறைப்படி வகைப்படுத்தியும் காட்டினால் அவருக்கே முதல் வாய்ப்பு. இதைச் சொன்னது அங்கிருந்து வந்த ஓர் அதிகாரி. எழுத்தில் தரவில்லை. வாயால்தான் சொன்னார். ஆனால் சர்க்கார் வேலைக்கு வயது வரம்பு உண்டல்லவா, அவளுக்கு அந்த வரம்புக்குச் சில வருஷமே மிச்சம் இருந்தது. அந்த வேலை அவளுக்குக் கிடைத்தால் நான் மண்டியை விடலாம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கணக்கு அதுதான்.

அவள் தஞ்சாவூருக்குப் போய், கன்னியர் நடத்திய விடுதியில் தங்கி, சில மாதம் சான்றிதழ்ப் படிப்பு படித்துவிட்டு வந்தாள். அந்த மாதங்களில் சமைத்தது நான். என் பெண்கள் இன்றும் அந்தச் சாம்பாரைச் சொல்லிச் சிரிப்பார்கள். திரும்பி வரும்போது மூன்று புத்தகம் கொண்டுவந்தாள். மூன்றும் இங்கிலீஷ். ஒன்று நூலகத்தை நடத்துவது எப்படி என்பது. ஒன்று அட்டைகள் எழுதுகிற விதிகள். இன்னொன்று, வந்து கேட்கிறவர்களுக்கு எப்படித் தகவல் தேடிக் கொடுப்பது என்பது. அடுப்படியில் உட்கார்ந்து, குழம்பு கொதிக்கும் நேரத்தில் படிப்பாள். படித்ததை எனக்குத் தமிழில் சொல்லுவாள். எனக்குப் புரிந்ததோ இல்லையோ, அவள் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருக்கப் பிடிக்கும்.

ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை போதாது என்பது எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். எழுதியவர் பெயரில் ஒன்று, புத்தகத்தின் பெயரில் ஒன்று, பொருளின் பெயரில் ஒன்று. எப்படித் தேடி வந்தாலும் ஆளுக்குக் கிடைக்க வேண்டுமாம். எழுதியவரின் குடும்பப் பெயரை முதலில் போட வேண்டும் என்று விதி. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? முன்னால் ஓர் எழுத்து, பின்னால் பேர், அவ்வளவுதான். இதைக் கேட்டு நான் சிரித்தபோது, "சிரிங்க சிரிங்க. உங்களை அட்டையில ஏத்தினா முதல்ல உங்க அப்பா பேரு, அப்புறம் ஒரு காற்புள்ளி, அதுக்குப் பின்னாலதான் நீங்க" என்றாள். வீட்டிலும் அப்படித்தானே என்றேன். அன்றைக்கு ரொம்ப நேரம் சிரித்தோம்.

வாசகசாலையில் புத்தகங்கள் இருந்த விதத்தையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலிருந்து உயரத்தை வைத்துத்தான் அடுக்கியிருந்தார்கள். பெரிய புத்தகம் கீழே, சின்னது மேலே. வந்த வரிசையில் முதுகில் ஓர் எண். விவசாயப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஜெபப் புத்தகம், அதற்குப் பக்கத்தில் யாரோ ஒரு தளபதியின் வரலாறு. பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். தேடினால் கிடைக்காது. பழைய நூலகருக்கு மட்டும் எது எங்கே என்று மனப்பாடம். அவர் போனதோடு அதுவும் போயிற்று.

இதை மாற்றி, பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்க வேண்டும். அதற்கென்று உலகம் முழுக்க நடக்கிற ஒரு தசமப் பகுப்பு முறை இருக்கிறது. உலகத்திலுள்ள அறிவையெல்லாம் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரித்து, புள்ளி வைத்து இன்னும் பிரித்துக்கொண்டே போவது. அந்த எண்களெல்லாம் அடங்கிய புத்தகம் தலையணைப் பருமனில் சில தொகுதிகள். காரைக்காலில் யாரிடமும் இல்லை. வாங்கித் தரும்படி மேலிடத்துக்கு எழுதினாள். பதில் இல்லை. மாயவரத்தில் ஒரு கல்லூரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். அங்கிருந்த நூலகர் நல்ல மனிதர். வெளியே கொடுக்கக் கூடாத புத்தகம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் அவராகவே, சனிக்கிழமை மத்தியானம் எடுத்துப் போய்த் திங்கட்கிழமை கல்லூரி திறக்குமுன் கொண்டுவந்து வைத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றோம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கி எழுதினோம். எண்களை நான் வாசிப்பேன். இங்கிலீஷ் சொற்களை அவள் பார்த்து எழுதுவாள். மூத்த பெண் கோடு போட்டுத் தருவாள். இளையது மையைக் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாதே என்று எனக்கு உறுத்தல். காலைப் பூசை முடிந்து சாமியார் வெளியே வந்ததும் போய்க் கேட்டேன்.

"சாமி, இன்னைக்கு ஒக்காந்து எழுதுற வேலை இருக்கு. எழுதலாங்களா?"

"என்ன எழுதப் போற? வட்டிக் கணக்கா?"

"இல்லைங்க சாமி. புஸ்தகங்களுக்கு நம்பரு."

"அப்ப எழுது. எழுதுறதுல பாவம் இல்ல. சாயங்காலம் கோயில்ல நற்கருணை ஆசீருக்கு வந்துடு."

அப்படியும் நேரம் போதவில்லை. ஒவ்வோர் எண்ணுக்குக் கீழேயும் பொடி எழுத்தில் நிறையக் குறிப்பு இருந்தது. இதை இங்கே வைக்காதே, அதை அங்கே பார் என்று வழி சொல்வதுதான் பெரும்பாலும். அதையும் எழுதினால் பாதிப் புத்தகம்கூட முடியாது. நமக்கு வேண்டிய எண்ணும் தலைப்பும் மட்டும் போதும், பொடி எழுத்தை விட்டுவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். நானும் சரி என்றேன். வேறு வழி இருந்ததாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

சமயம் என்பது அந்த முறையில் இருநூறு. அதில் இருநூற்றிருபதிலிருந்து இருநூற்றெண்பது வரைக்கும் எங்கள் கிறிஸ்தவ வேதம். வேதாகமத்துக்கு ஒன்று, திருச்சபைக்கு ஒன்று, ஜெபத்துக்கு ஒன்று என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். உலகத்தில் மிச்சமிருக்கிற அத்தனை மார்க்கத்துக்கும் சேர்த்து இருநூற்றுத் தொண்ணூறு ஒன்றுதான். அதை அவள் தமிழில் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வெள்ளைக்காரனே நம்முடையதை முன்னால் வைத்திருக்கிறான் பார் என்று அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் அடுத்த எண்ணை வாசிக்கச் சொன்னாள்.

பிரச்சினை அலமாரியில்தான் தெரிந்தது. எங்கள் வேதப் புத்தகங்கள் வாசகசாலையில் இருந்ததே கொஞ்சம். அவற்றுக்கு எண்கள் ஏராளம். சைவப் புத்தகங்கள், வைணவப் புத்தகங்கள், இஸ்லாமியப் புலவர்கள் பாடியவை எல்லாம் ஊரார் கொடுத்துக் கொடுத்து அலமாரி அலமாரியாகச் சேர்ந்திருந்தன. அவற்றுக்கு ஒரே எண். அந்த ஒரே எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்து, இலக்கம் சேர்த்து, சேர்த்து, புத்தக முதுகில் ஒட்டுகிற சீட்டில் இடமே இல்லாமல் போயிற்று. தேவாரம் எது, திருவாசகம் எது, நபி சரித்திரம் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாமல் எல்லாம் ஒரே கூட்டமாக நின்றன.

வாசகசாலைக்குத் தினமும் ஒரு மரைக்காயர் வருவார். சைகோனில் துணிக்கடை வைத்திருந்து, அங்கே சண்டை முடிந்து எல்லாம் போனபின் வெறுங்கையோடு ஊர் திரும்பியவர். பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிப்பார். என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். புது அடுக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அவள் அன்றைக்கு வந்து சொன்னாள்.

"ஏன் தங்கச்சி, ஒங்க கிதாபெல்லாம் காலை நீட்டிப் படுத்திருக்கு. எங்களதும் கோயில்காரங்களதும் கந்தூரிக்கு நாகூர் பஸ்ஸுல போற மாதிரி தொங்கிக்கிட்டு நிக்குதே?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கோயில் தெருப் பெரியவர், "எங்களுக்கு மேல்கூரைதான் மாமு, நீங்களாச்சும் படிக்கட்டுல நிக்கிறீங்க" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. இதைச் சொன்ன பிறகுதான் எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த சந்தோஷத்தை நினைத்துக் கூசியது. எங்கள் ஊரில் கோயில் தேர் வரும்போது மரைக்காயர் வீட்டிலிருந்து மோர்ப்பானை வெளியே வரும். மாதா சப்பரம் போகும்போது அம்மையார் கோயில் தெருக்காரர்கள் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு வைப்பார்கள். யாரும் யாரையும் கடைசிப் பலகையில் வைத்ததில்லை.

அவள் சில நாள் யோசித்தாள். பிறகு ஒரு வழி செய்தாள். மூன்று மார்க்கத்துக்கும் தனித்தனி அலமாரி. எண்ணுக்கு முன்னால் ஒரு தமிழ் எழுத்து. சைவ வைணவத்துக்கு ஒன்று, இஸ்லாத்துக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. அந்த எழுத்து வந்துவிட்டால் அதற்குப் பின்னால் சின்ன எண்ணே போதும். சீட்டில் இடம் வந்தது. வாசலில் நின்று பார்த்தாலே எது எங்கே என்று தெரிந்தது. விதிப்புத்தகத்தில் அப்படி இல்லையே என்று கேட்டேன்.

"விதி எழுதினவங்க காரைக்காலுக்கு வந்ததில்லைங்க. வந்து பார்த்தா அவங்களே இப்படித்தான் வைப்பாங்க."

அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாள்.  அட்டைகளையும் அதற்கேற்ப எழுதி, அடியில் துளை போட்டு, இழுப்பறையில் கம்பியில் கோத்தாள். வாசகசாலைக்குக் கூட்டம் கூடியது. மண்டபத்தூரிலிருந்துகூடச் சைக்கிளில் வந்து புத்தகம் எடுத்துப் போனார்கள். கேட்டவுடன் கிடைக்கிறது என்று பேர்.

சரிபார்க்க அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. நான் மண்டியில் லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே போய்விட்டேன். காப்பி வாங்கிவர ஒரு ஆள் வேண்டுமே. வாயால் வாக்குக் கொடுத்த அதிகாரி மாறிப் போயிருந்தார். வந்தவர் வேறு ஆள். கறாரானவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லா அலமாரியையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். விஞ்ஞானம் சரி, வரலாறு சரி, இலக்கியம் சரி. அட்டை எழுத்து நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அவள் முகத்தை நான் கதவோரத்தில் நின்று பார்த்தேன். சமய அலமாரிக்கு வந்து ஒரு புத்தகத்தை உருவி, முதுகைப் பார்த்தார்.

"இந்த எழுத்து என்னம்மா?"

அவள் விவரமாகச் சொன்னாள். ஊரில் எந்தப் புத்தகம் எவ்வளவு இருக்கிறது, யார் எதைத் தேடி வருகிறார்கள், இப்படி வைத்தால் எப்படி உடனே கிடைக்கிறது எல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "பகுப்பு முறை ஊருக்கு ஊர் மாறுமா? இதுக்கு என்ன ஆதாரம், காட்டுங்க" என்றார்.

நாங்கள் கையால் எழுதியதைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் இருநூற்றுத் தொண்ணூறைப் பார்த்தார். அதில் எண்ணும் தலைப்பும்தான் இருந்தன. அவர் கூட வந்திருந்த இளம் எழுத்தர், சார், தேவைக்கு ஏற்ப மாற்றி வைக்க இதில் ஏதோ விருப்ப முறை உண்டு என்று படித்த ஞாபகம் என்று மெதுவாக இழுத்தார். எங்கே இருக்கிறது என்று இவர் கேட்டதும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதிகாரி காப்பியைக் குடித்தார். குடித்து முடித்து, சமயப் பிரிவில் வகைப்பாடு முறைப்படி இல்லை, பணியாளருக்கு முறை பற்றிய பயிற்சி போதாது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எழுதியதை அவளுக்கு வாசித்தும் காட்டினார். அதில் வஞ்சகம் இல்லை.

சாயங்காலம் வாசகசாலையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தோம். அரசலாற்றுப் பாலத்தில் வந்ததும், "பொடி எழுத்துல இருந்திருக்குமோ?" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளே நான் மாயவரம் போனேன். அவளால் வேலைக்கு லீவு சொல்ல முடியாது. சொன்னால் கூலி போகும் என்பதைவிட, ஆளே வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயம். கல்லூரி நூலகரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்தத் தொகுதியை எடுத்து, இருநூற்றுத் தொண்ணூறு இருந்த பக்கத்தைத் திறந்தார். எண்ணுக்குக் கீழே நான்கைந்து வரி, எறும்பு ஊர்கிற மாதிரி பொடியாக. அவர் விரலை வைத்து வாசித்து எனக்கு அர்த்தம் சொன்னார். ஒரு நாட்டில் அல்லது ஊரில் வேறொரு மார்க்கம் பெரிதாக வழங்கினால், அதற்கு முன்னுரிமை தரலாம். ஓர் எழுத்தையோ குறியையோ எண்ணோடு சேர்த்து அதைச் சுருக்கமாகவும் தனியாகவும் வைக்கலாம் என்று இருந்தது. அவள் செய்தது அதேதான். புத்தகம் சொல்லாமலே செய்திருக்கிறாள். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. நூலகர் என்னைப் பெஞ்சியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அந்த வரிகளை நானே பார்த்து எழுதினேன். இங்கிலீஷ் எனக்குக் கோர்வையாக வராது. படம் வரைகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக வரைந்தேன். நூலகர் சரிபார்த்து, உண்மை நகல் என்று கையெழுத்துப் போட்டு, கல்லூரி முத்திரையும் வைத்துக் கொடுத்தார். போறையார் வழியாகத் திரும்பி வந்த பஸ்ஸில் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவள் அதை வாசித்தபோது நான் நினைத்தபடி துள்ளவில்லை. மறுபடி மறுபடி வாசித்தாள். அப்புறம் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிக்கொண்டே, "இது அன்னைக்கு நம்ம கையில இருந்துச்சுங்க" என்றாள்.

விண்ணப்பத்தோடு அந்த நகலையும் சேர்த்துப் புதுச்சேரிக்கு அனுப்பினோம். செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியார் நவநாள் ஜெபத்துக்குப் போனோம். அந்த வருஷம் மாதா திருநாளுக்கு வேளாங்கண்ணிக்கு நடந்தே போனேன். எனக்கு நடக்க முடியாத நெஞ்சு. நாகூர் தாண்டியதும் ஓர் இடத்தில் மூச்சு முட்டிப் போய்ச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவர்கள் பஸ்ஸில் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். ஏறவில்லை. ஏறினால் மாதா கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டாளோ என்று அப்போது எனக்கொரு எண்ணம். என் பொருத்தனை மாதாவுக்குத் தெரியும். எனக்காக நான் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. என் மனைவிக்கு வேலை கிடைத்தால் என் நெஞ்சு தப்பும். இரண்டும் ஒரே மன்றாட்டாகத்தான் போயிற்று.

பதில் தபால் குளிர்காலத்தில் வந்தது. இந்த அலுவலகத்தில் உள்ள பதிப்பில் தாங்கள் குறிப்பிடும் குறிப்பு காணப்படவில்லை. மேலும் பணி நியமனத்துக்கான நடவடிக்கைகள் ஏற்கெனவே முடிவடைந்துவிட்டன. இரண்டே வாக்கியம். அவர்களிடம் இருந்தது பழைய பதிப்பு என்று மாயவரத்து நூலகர் சொன்னார். அந்தக் குறிப்பு பிறகு சேர்க்கப்பட்டதாம். திரும்ப எழுதிப் பாருங்கள் என்றார். எழுதினோம். அதற்குப் பதிலே வரவில்லை.

புது நூலகர் வந்து சேர்ந்தார். வெளியூர்ப் பையன். நூலக அறிவியலில் பட்டம் வாங்கியவர். வந்த அன்றே என் மனைவியை அக்கா என்று கூப்பிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் போய்ப் பார்த்தேன். வரவில்லை. அவர் வீட்டிலும் ஒரு தகப்பனார் எங்கேயோ இருமிக்கொண்டு இருக்கலாம். மேலிடத்திலிருந்து அவருக்கு வந்த முதல் உத்தரவு, சமயப் பிரிவை முறைப்படி திருத்தி அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது. அவருக்குத் தனியாக அது ஆகிற வேலை இல்லை. "அக்கா, நீங்க வெச்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மாத்தித்தான் ஆகணும், கையெழுத்துப் போட்டுட்டேன்" என்று சொன்னாராம்.

அவள் ஒட்டிய சீட்டுகளை அவளே ஈரத்துணி வைத்து ஊறவைத்து உரித்தாள். புதுச் சீட்டு ஒட்டினாள். அட்டையில் எழுத்தை அடித்துவிட்டு எண்ணை நீட்டி எழுதினாள். சில பழைய புத்தகங்களில் சீட்டோடு முதுகுத் தோலும் வந்துவிட்டது. அவற்றை வீட்டுக்கு எடுத்துவந்து துணி வைத்து ஒட்டினாள். மரைக்காயர் ஒரு நாள் பார்த்துக்கொண்டே நின்றாராம். வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லையாம். "எதுக்கு தங்கச்சி நாங்க வாயை வெச்சோம்" என்று மட்டும் கேட்டாராம். ஒங்களால இல்லைங்க பாய் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நம்பியிருக்க மாட்டார். அதற்குப்பின் பேப்பர் வாசிக்க வருவதைக் குறைத்துக்கொண்டார். கொஞ்ச காலத்தில் நின்றேவிட்டார்.

தினக்கூலி ஆள் எதுவரைக்கும் தேவை என்று மேலிடத்தில் கேட்டு, திருத்த வேலை முடியும்வரை என்று பதில் போயிருந்தது. அது அவளுக்கும் தெரியும். எனக்கும் சொன்னாள். அப்படியானால் கொஞ்சம் மெதுவாகச் செய்யேன் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. சொல்லியும் விட்டேன்.

"பாதி பழைய மாதிரியும் பாதி புது மாதிரியும் கெடந்தா வர்றவங்களுக்கு எதுவும் கெடைக்காதுங்க" என்றாள். 

கடைசி அலமாரி முடிந்த அன்று நூலகர்ப் பையன் அவளிடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தவித்திருக்கிறார். அவளே சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டாள். நான் மண்டியிலிருந்து வந்ததும் சொன்னாள். நான் தேற்றுவதற்கு ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நினைவில் வைக்கிற மாதிரி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தப் பையன் ஓராண்டுகூட இருக்கவில்லை. புதுச்சேரியிலேயே பெரிய நூலகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அவர் நிலையில் யாரும் அதைத்தான் செய்வார்கள். வாசகசாலையைத் திறக்க ஆள் இல்லாமல் பல மாதம் பூட்டியே கிடந்தது. பூசைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே போவோம். பயிற்சி பெற்ற ஆள் கிடைக்கவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். என் மனைவியிடமே ஒருவர் வந்து அப்படிச் சொன்னார். அவள் ஆமாங்க என்றாள்.

எண்பதுகளின் பாதி தாண்டி மறுபடி அந்த வேலைக்கு ஆள் கேட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து நான்கு பேரும் வந்துகொண்டிருந்தோம். அவள் நின்று வாசித்தாள். நானும் வாசித்தேன். நூலகச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று போட்டிருந்தது. அது அவளிடம் இருக்கிறது. கணிப்பொறிப் பயிற்சி உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று போட்டிருந்தது. அது எங்களுக்கு என்னவென்றே தெரியாது. அதற்குக் கீழே வயது. அவளுக்கு அந்த வயது முடிந்து சில மாதம் ஆகியிருந்தது.

"கணிப்பொறி வந்துட்டா அட்டையே வேணாம்னு படிச்சேன்" என்றாள், யாரிடமோ சொல்வது மாதிரி. தளர்வு ஏதாவது தருவார்களா, போய்க் கேட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். யாரிடம் கேட்பீங்க என்றாள்.

தேவனிடம் குறை சொல்ல நான் துணிந்தவன் இல்லை. அவர் கேட்டிருப்பார் என்றே நம்புகிறேன். கேட்டுவிட்டு இல்லை என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. என்றாலும் அன்றைக்கு வீட்டில் ஜெபம் சொல்லும்போது, இன்னதைத் தாரும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. பிள்ளைகளின் சுகத்துக்காக என்று சொல்லி முடித்தேன். அவள் ஆமென் சொன்னாள்.

மறுநாள் திங்கட்கிழமை. மண்டியில் குறுவை நெல்லு அரைத்த அரிசி இறங்குகிற நாள். முன்னதாகவே வரச் சொல்லியிருந்தார்கள். அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். நான் துண்டை மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.